குப்பை நிலத்துக்குச் சின்ன கொயில்தான்

மெட்டல் டிடெக்டரின் கொயில் (நிலத்துக்கு மேலாக வீசும் தட்டு) பற்றி, "உலோகக் குப்பை நிறைந்த நிலத்திலும் பெரிய கொயில்தான் நல்லது, சின்னது காசுக்குக் கேடு" என்று மேலே ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். அதை நம்பி யாரும் வாங்க வேண்டாம்.

யாழ்ப்பாணத்துப் பழைய வீட்டு வளவொன்றை எடுங்கள். 11 அங்குல கொயிலின் கீழ் கூரை ஆணி, சோடா மூடி, தொலைந்த மோதிரம் எல்லாம் ஒன்றாக விழும். இரும்பை ஒதுக்கச் சொல்லி டிடெக்டரை வைத்திருந்தால், ஆணியோடு மோதிரத்தின் சத்தமும் அமுங்கிவிடும். மோதிரம் ஆழத்தில் இல்லை, ஆணிக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது! 5, 6 அங்குல கொயில் கொஞ்ச இடத்தையே பார்ப்பதால் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். ஆனால் அதுவும் இரும்பை வடிகட்டாது, பிரித்துக் காட்டும், அவ்வளவுதான். வீச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று படும்படி மெதுவாக வீச வேண்டும்.

சின்ன கொயிலுக்கு எட்டும் ஆழம் குறையும் என்பது சரி. குப்பையில்லாத கடற்கரை மணலுக்குப் பெரியதே போதும்.

அப்புறம், கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்காத காணியில் எந்த கொயிலோடும் இறங்காதீர்கள். தோண்டும்போது துருப்பிடித்த உருளை ஏதும் தெரிந்தால் தொடாமல் விலகி, பொலிசுக்குச் சொல்லுங்கள்.