ஏழு நாளில் எத்தனை மலை?

ஒரு வாரம் மலைக்காடுகளைச் சுற்றலாம் என்று ஈரோட்டில் உட்கார்ந்து திட்டம் போட ஆரம்பித்து மூன்று வாரம் ஆச்சுங்க. ஒரு நாள்கூட முடிவாகவில்லை. மாமாவுக்கு டாப்சிலிப், வால்பாறை, இரவிகுளம், முதுமலை, பந்திப்பூர் எல்லாமே வேண்டும். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு மட்டும் 40 கொண்டை ஊசி வளைவு! அம்மாயிக்குத் தலை சுற்றாதா? வரையாடு குட்டி போடும் பிப்ரவரி, மார்ச்சில் இரவிகுளத்தை வழக்கமாக மூடிவிடுவார்கள் என்றால், "போய்ப் பார்த்துக்கலாம் மாப்பிள்ளை" என்கிறார். பந்திப்பூர் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டிகள் போகத் தடை. இதையெல்லாம் நான் ஒருத்தன்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. சரி, டாப்சிலிப்பில் மட்டும் இரண்டு நாள் நிதானமாக இருக்கலாமே என்று கெஞ்சினேன். நேற்று ராத்திரி கொடைக்கானலையும் சேர்த்துவிட்டார்.