சுழற்சித் திசை மட்டும் போதுமா?
சூரியனின் குறுகிய ரேடியோ வெடிப்புகளில் வட்ட முனைவாக்கம் (அலையின் மின்புலம் சுழன்றபடியே முன்னேறுவது) இடஞ்சுழியா வலஞ்சுழியா என்று பார்த்தாலே மூலத்தின் காந்தப்புலத் திசையைச் சொல்லிவிடலாம் என்ற கட்டுரையின் கூற்றை அப்படியே ஏற்க இயலவில்லை. அலை சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவைக் கடந்து வரும் வழியில், காந்தப்புலம் அதன் பயணத் திசைக்கு ஏறத்தாழச் செங்குத்தாக அமைந்த பகுதி ஒன்று குறுக்கிட்டால், அங்குள்ள எலக்ட்ரான் அடர்த்தி, புலவலிமை, அலையின் அதிர்வெண் ஆகியவற்றைப் பொறுத்துச் சுழற்சித் திசை தலைகீழாக மாறிவிடவும் கூடும். அப்போது நம் அளவீட்டில் மூலத்தின் விளைவோடு வழியின் விளைவும் கலந்தே இருக்கும். சூரிய ரேடியோ வெடிப்புகளின் வகைப்பாட்டில், ஒரு நொடி அளவே நீடிக்கும் முதல் வகை (Type I) வெடிப்புகளையே எடுத்துக்கொள்ளலாம்: சூரிய வட்டின் நடுப்பகுதியில் தோன்றும்போது ஏறத்தாழ 100 விழுக்காடு வரை முனைவாக்கம் காட்டும் இவை, விளிம்பை நெருங்கும்போது கணிசமாகக் குறைத்தே காட்டுகின்றன. வேகமான எலக்ட்ரான் கற்றைகள் எழுப்பும் மூன்றாம் வகை (Type III) வெடிப்புகளில் சிக்கல் இன்னும் ஆழமானது. பிளாஸ்மாவின் (மின்னூட்டத் துகள்களாலான வளிமத்தின்) இயல்பு அதிர்வெண்ணை ஒட்டி வரும் அடிப்படை அதிர்வெண் உமிழ்வு ஏறக்குறைய முழுமையாக முனைவாக்கம் பெற்றிருக்க வேண்டும் என்று எளிய பிளாஸ்மாக் கோட்பாடு எதிர்பார்க்க, அளவீடுகளோ சராசரியாகச் சுமார் 35 விழுக்காட்டையே தருகின்றன, இந்த இடைவெளியைத்தான் கட்டுரை விரிவாகப் பேசியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நேர்கோட்டு முனைவாக்கம் (மின்புலம் ஒரே தளத்தில் அதிர்வது) ஏன் பெரும்பாலும் தென்படுவதில்லை என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: காந்தப்புலமுள்ள பிளாஸ்மாவைக் கடக்கையில் அந்தத் தளம் திரும்புவதான ஃபாரடே சுழற்சியின் கோணம் அலைநீளத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், கருவியின் ஒரே அலைவரிசைப் பட்டைக்குள்ளேயே தளங்கள் பல திசைகளில் திரும்பி ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன.