மரத்த காலுக்கு வெந்நீர் மருந்தல்ல

சேலம் வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி: “சர்க்கரைக்காரர்களுக்குக் கால் மரத்துப்போனால், கல்லுப்பு போட்ட சுடுதண்ணீரில் அரைமணி நேரம் வையுங்கள், செத்த நரம்பு உயிர்பெறும்.”

தவறு, ஆபத்தும்கூட. நெடுநாள் உயர்ந்த சர்க்கரை நரம்பிழைகளையும் அவற்றுக்கு ரத்தம் தரும் நுண்குழாய்களையும் கெடுக்கிறது. நீளமான நரம்புகள் முதலில் பழுதாவதால் மரப்பு இரண்டு கால்களின் விரல்களிலும் தொடங்கி, காலுறை போட்டதுபோல மேலேறும். இரவில் எரிச்சல், பஞ்சில் நடப்பது போன்ற உணர்வு, செருப்பு கழன்றதே தெரியாமை. சூட்டை உணரும் இழைகளும் கெடுவதால் தோல் வெந்தாலும் உறைக்காது. கொப்புளம் புண்ணாகிச் சீழ் பிடித்த பிறகே தெரியும். ஏற்காட்டுக் குளிரில் வெந்நீர்ப் பைக்கும், அடுப்பருகே கால் நீட்டுவதற்கும் இதே கதிதான். தளர்வான பருத்திக் காலுறை போதும்.

ஒரு கால் மட்டும் மரத்தால் முதுகுத்தண்டில் நரம்பு அழுத்தமா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சர்க்கரையே காரணமல்ல: வைட்டமின் பி12 குறைவு (மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுவோருக்கும் வரும்), மது, தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, தொழுநோய், காசநோய் மாத்திரையான ஐசோனியாசிட் ஆகியவையும் காரணமாகலாம். பி12 குறையாதவருக்கு ‘நரம்பு ஊசி’ எனப்படும் பி12 ஊசி வீண்செலவு.

10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் தொடுவுணர்வையும், 128 ஹெர்ட்ஸில் அதிரும் இசைக்கவையால் அதிர்வுணர்வையும் மருத்துவர் சில நிமிடங்களில் சோதிப்பார். ரத்தத்தில் ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), பி12, டிஎஸ்ஹெச் (தைராய்டு சோதனை) பார்ப்பார்கள். வீட்டில் தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். சில நாட்களுக்குள் பலவீனம் காலிலிருந்து மேலேறினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.