யாரால் என்று கேட்டால் பதில் கிடைக்காது

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்து, பேச்சும் நின்றுபோயிருந்த நேரம். பார்க்க வந்த பெரியம்மா கட்டில் ஓரமாக உட்கார்ந்து அப்பாவின் காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "எந்த ஜென்மத்துல என்ன பாவம் பண்ணாரோ, இப்படிக் கிடக்கணும்னு இருக்கு."

அப்பாவுக்குப் போனது பேச்சுதான். காது நன்றாகவே கேட்டது. நல்லபடியாக இருந்த இடது கையின் கட்டைவிரலால் போர்வையின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பார், அந்த நாட்களில் அது ஒரு பழக்கமாகியிருந்தது. பெரியம்மா சொன்னதும் அந்த விரல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. "காரணம் இல்லாமல் எதுவும் நடக்காது, அனுபவிக்கிறவன் எப்போதோ விதைத்திருப்பான், புத்தர் சொன்ன பிரதீத்ய சமுத்பாதமும் இதுதான்" என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் எழுதியிருந்தார். ஒன்றைச் சார்ந்தே இன்னொன்று எழும் என்ற புத்தரின் போதனைக்குத்தான் அந்தப் பெயர். பதிவுக்கு ஏகப்பட்ட இதயக்குறிகள். நண்பர் நல்லவர், படிப்பவர். ஆனால் அவர் புத்தர் பெயரில் சொல்வது என் பெரியம்மா சொன்னதைத்தான். பெரியம்மா சமஸ்கிருதப் பெயர் எதுவும் வைக்காமல் சொன்னார், அவ்வளவுதான் வித்தியாசம்.

புத்தரின் உரையாடல்களைத் தொகுத்த பாலி நூல்களில் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில் மோலியசீவகர் என்ற பரிவிராஜகர், அதாவது ஊர் ஊராகத் திரியும் துறவி, புத்தரிடம் நேராகவே இதைக் கேட்கிறார். ஒருவர் அனுபவிக்கும் இன்பமோ துன்பமோ எதுவானாலும் எல்லாமே முன்பு செய்த வினையால்தான் என்று சிலர் சொல்கிறார்களே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று. புத்தர் எட்டுக் காரணங்களை எண்ணிக் காட்டுகிறார். பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றும் கூடுவது, பருவநிலை மாறுவது, உடம்பைச் சரியாகப் பேணாதது, தாக்குதல், கடைசியாக வினைப்பயன். எட்டில் ஒன்று. எல்லாவற்றையும் முன்வினையின் தலையில் கட்டுகிறவர்கள் தாங்களே அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் போகிறார்கள், அது அவர்கள் தவறு என்கிறார். வாத பித்த சிலேத்துமம் என்று நம் வைத்தியர்கள் பேசுகிற அதே பேச்சு. பக்கவாதத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க இதைவிடப் பொருத்தமான சூத்திரம் எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, பெரியம்மாவைக் குறை சொல்வது சுலபம். அந்த மாதங்களில் நானும் தம்பியும் செய்தது என்ன?

அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்து நான்கு நாளாகியிருந்தது. மருத்துவமனையில் அது தெரியவந்த அடுத்த நிமிடம் எங்கள் இருவருக்கும் நடுவில் வழக்கு ஆரம்பமாகிவிட்டது. "பக்கத்துல இருந்தது நீதானே, பார்த்திருக்க வேண்டாமா?" "போன மாசம் வாங்கித் தர்றேன்னு சொன்னது யாரு?" தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆனால் ஒரு வார்த்தை குறைக்காமல். பெரியம்மா போன ஜென்மத்தில் குற்றவாளியைத் தேடினார். நாங்கள் போன மாதத்தில் தேடினோம். கேள்வி ஒன்றுதான்: யாரால்?

இந்த "யார்" என்ற சொல்லைப் பிடித்து நிறுத்துகிற இன்னொரு உரையாடல் அதே நிகாயத்தில் உண்டு. மோலியபக்குனர் என்ற பிக்கு அடுக்கடுக்காகக் கேட்கிறார். யார் தொடுகிறார்? யார் உணர்கிறார்? யார் வேட்கை கொள்கிறார்? ஒவ்வொரு முறையும் புத்தர் தருவது ஒரே பதில்: இது சரியான கேள்வி இல்லை. ஒருவர் வேட்கை கொள்கிறார் என்று நான் சொல்லவில்லையே, சொல்லியிருந்தால்தானே 'யார்' என்று கேட்கலாம். 'எதைச் சார்ந்து வேட்கை எழுகிறது' என்று கேள், அதற்குப் பதில் உண்டு. நுகர்வை, அதாவது இன்ப துன்ப உணர்ச்சியைச் சார்ந்து வேட்கை, வேட்கையைச் சார்ந்து பற்று.

முதல் முறை படித்தபோது இது ஏதோ வழுக்கல் பதில் மாதிரி இருந்தது. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கேள்வியைத் திருத்துகிறாரே என்று. அப்பா கட்டிலில் இருந்த காலத்தில் மறுபடி படித்தபோதுதான் அதன் கூர்மை பட்டது. "யாரால்" என்று கேட்டால் ஒரு முகம் கிடைக்கும், அந்த முகத்தோடு விசாரணை முடிந்துவிடும். "எதைச் சார்ந்து" என்று கேட்டால் மாத்திரை வந்து நிற்கும், வயது வரும், தாத்தாவுக்கும் இருந்த அதே நோய் வரும், இரவெல்லாம் தூங்காத பழக்கம் வரும், "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று பரிசோதனையைத் தள்ளிப்போட்ட அப்பாவின் பிடிவாதமும் வரும். இதில் எதுவும் தனியாக நின்று பக்கவாதத்தை உண்டாக்கவில்லை.

பிரதீத்ய சமுத்பாதத்துக்குத் தமிழில் அருமையான சொல் இருக்கிறது: சார்பு. மணிமேகலைக் காப்பியத்தின் கடைசிக் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்வது இந்தப் பன்னிரண்டு சார்புகளைத்தான். பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். பாலியில் படித்துத் திணறுகிறவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாமரூபத்துக்கு அருவுரு, ஆறு புலன்களுக்கு வாயில், ஸ்பரிசத்துக்கு ஊறு. வாயில் என்பது எவ்வளவு சரியான சொல்! பிறவிச் சுழலைச் சக்கரமாக வரையும் திபெத்திய பவச்சக்கர ஓவியங்களில் இந்த இடத்தில் ஜன்னல்கள் வைத்த வீடு ஒன்றைத்தான் வரைகிறார்கள்.

அதே ஓவியத்தில் நுகர்வுக்கு வரைவது கண்ணில் அம்பு தைத்த ஒரு மனிதனை. அடுத்த கட்டத்தில், வேட்கைக்கு, ஒருவன் குடித்துக்கொண்டிருப்பான். நான் வெகு நேரம் பார்த்த இடம் இந்த இரண்டு கட்டங்களுக்கு நடுவிலுள்ள கோடு. தம்பி "பக்கத்துல இருந்தது நீதானே" என்றபோது காதில் விழுந்தது ஒலி. அது ஊறு. உடனே நெஞ்சில் சுருக்கென்று ஒன்று. அது நுகர்வு. அதுவரை யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. அம்பு தைத்தால் வலிக்கத்தான் செய்யும். அதற்கு அடுத்து "இவனுக்குப் பதில் சொல்லியே ஆகணும்" என்று எழுந்ததே, அது வேட்கை. "நான்தான் எல்லாம் செய்தேன், என்னையே குற்றம் சொல்றான்" என்று பிடித்துக்கொண்டது பற்று. பத்து நிமிடத்தில் 'குற்றம் சாட்டப்பட்ட மூத்த பிள்ளை' என்று ஒரு ஆள் எனக்குள்ளே பிறந்து, வளர்ந்து, வாதாடிக்கொண்டிருந்தான். சுருக்கென்ற அந்த ஒன்றுக்கும் வாயைத் திறந்ததற்கும் இடையில் ஒரு நொடி இருந்தது. அன்று அதைப் பார்க்கவில்லை. அப்புறம் நினைத்துப் பார்க்கையில்தான் தெரிந்தது.

இப்படி ஒரு சண்டைக்குள் பன்னிரண்டையும் வைத்துப் பார்ப்பது சரியா என்று கேட்கலாம். 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து விசுத்திமக்கம் என்ற பௌத்த விளக்க நூலை எழுதிய புத்தகோசர் இந்தச் சங்கிலியை முற்பிறவி, இப்பிறவி, மறுபிறவி என மூன்றாகப் பிரித்து விளக்கினார். இலங்கை, தாய்லாந்து போன்ற நாடுகளில் வழங்கும் தேரவாத பௌத்தத்தில் அதுதான் பெருவழக்கு. தாய்லாந்தின் புத்ததாச பிக்கு (1906–1993) அதை மறுத்து, சங்கிலி முழுவதும் இந்தக் கணத்திலேயே, 'நான்' எழும் ஒவ்வொரு முறையும் ஓடுகிறது என்றார். எனக்குப் புத்ததாசர் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆனாலும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: பழைய சூத்திரங்கள் 'தோற்றம்' என்று சொல்லும்போது உயிர்கள் பிறப்பதையே வெளிப்படையாகச் சொல்கின்றன. அதை மழுப்பி, புத்தர் மனோதத்துவம் மட்டும்தான் பேசினார் என்று எழுதுவது நமக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காக எழுதுவது.

வசதியான இன்னொரு விளக்கமும் உண்டு. "எல்லாம் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தது" என்று காடு, வண்ணத்துப்பூச்சி படத்தோடு வருமே, அது. சீனத்து ஹுவாயென் என்ற பௌத்த மரபில் இந்திரனின் வலை என்று ஒரு அழகான உருவகம் இருக்கிறது, முடிச்சுக்கு முடிச்சு ஒரு மணி, ஒவ்வொரு மணியிலும் மற்ற எல்லா மணிகளும் தெரியும். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எல்லாமே எல்லாவற்றோடும் தொடர்பு என்று சொல்லிவிட்டால் எந்த முடிச்சை அவிழ்ப்பது? சார்பு என்பது குறிப்பிட்ட ஒன்று குறிப்பிட்ட இன்னொன்றைச் சார்ந்திருப்பது. இது இருந்தால் அது இருக்கும், இது நின்றால் அது நிற்கும். இரண்டாவது பாதிக்காகத்தான் முதல் பாதியே. அறவண அடிகளும் ஒரு திசையில் சொல்லி முடித்துவிட்டுத் திரும்ப வருகிறார்: பேதைமை மீளச் செய்கை மீளும், செய்கை மீள உணர்ச்சி மீளும். மீளும் என்ற அந்த வினைச்சொல்லுக்காகவே இந்தக் காதையை எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்கலாம்.

"யார் என்றே கேட்கக் கூடாது என்றால் யாருக்கும் பொறுப்பே இல்லையா?" தம்பி என்னிடம் இதைக் கேட்டான், கொஞ்சம் எரிச்சலோடுதான். நியாயமான கேள்வி. அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். உயிர்கள் கெடுவதற்கும் தூய்மையாவதற்கும் காரணமே கிடையாது, முயற்சியால் ஒன்றும் ஆகாது என்று சொன்னவர் புத்தர் காலத்து ஆசிரியரான மக்கலி கோசாலர். புத்தர் மிகக் கடுமையாக எதிர்த்த ஆசிரியர்களில் அவர் ஒருவர். சார்புகளின் பட்டியலில் நான் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்க்காததும் இருக்கிறது. அது மற்றவற்றோடு ஒன்றாக இருக்கிறது, அந்த அளவுக்கே இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ள முடிந்தது, பட்டியலில் வேறு பலவும் இருந்ததால்தான். எல்லாம் உன்னால்தான் என்றபோது என்னால் ஒரு துளியைக்கூட ஒப்புக்கொள்ள முடியவில்லை. தம்பி பதில் சொல்லவில்லை. மறுநாள் ஏழு நாளுக்கும் தனித்தனி அறை வைத்த மாத்திரை டப்பா ஒன்றை வாங்கி வந்தான்.

அப்பா இப்போது இல்லை.

போன மாதம் பெரியம்மா போன் செய்தார். பெரியப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று முறை டயாலிசிஸ். "நான் என்னடா பாவம் பண்ணேன், எனக்கு ஏன் இப்படி?" என்று அழுதார். எனக்குள் சுருக்கென்று ஒன்று. அது வலி இல்லை, இனிப்பாக இருந்தது. அப்பாவின் விரல் நின்ற அந்த மதியம் அப்படியே கண்முன் வந்து, திருப்பிக் கொடுக்க வேண்டிய வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக நின்றது. இரண்டு மூன்று நொடி ஒன்றும் பேசவில்லை. "டேய், லைன்ல இருக்கியா?" என்றார்.

"இருக்கேன் பெரியம்மா. டயாலிசிஸுக்குக் கூட யார் போறா?" என்று கேட்டேன்.