பள்ளியின் பெயரைக் கேட்காதீர்கள்

இந்த வாரம் மட்டும் இன்பாக்ஸில் நான்கு பேர். நான்கு பேருக்கும் ஒரே கேள்விதான். "உங்க பையன் படிக்கிற ஸ்கூல் பேரு என்ன, எங்க குழந்தையையும் அங்க சேர்க்கலாமா?" நான் பெயரைச் சொல்லவில்லை, மழுப்பிவிட்டேன். அதில் ஒருவருக்கு என் மேல் வருத்தம் என்று தெரியும். இடத்துக்குப் போட்டி வந்துவிடுமோ என்று மறைக்கிறாள் என நினைத்திருப்பார். சத்தியமாக அது காரணமில்லை. தனித்தனியாக நான்கு பேருக்கும் தட்டிக்கொண்டிருப்பதற்குப் பதில் இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் போகும், நேரம் இருக்கும்போது படியுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு: என் மகனுக்கு ஆட்டிசம். வயது பத்து. பேச்சு குறைவு, ஞாபகசக்தி ஏராளம், திடீர்ச் சத்தம் ஆகவே ஆகாது. இதற்குள் மூன்று பள்ளிகளைப் பார்த்துவிட்டான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அந்த மூன்றில் முதல் பள்ளிதான் பிரமாதம்.

முகப்பிலேயே 'எல்லாக் குழந்தைகளும் எங்கள் குழந்தைகளே' என்று எழுதியிருப்பார்கள். சிறப்புக் கல்வி ஆசிரியர் உண்டு, தனி அறை உண்டு, அந்த அறையில் கலர் கலராகப் பந்துகளும் ஊஞ்சலும் உண்டு. சுற்றிக் காட்டியபோது எனக்கும் என் கணவருக்கும் கண் கலங்கிவிட்டது, அப்பாடா, இடம் கிடைத்துவிட்டது என்று. சேர்த்து ஒரு மாதம் ஆகியிருக்கும். பையன் வீட்டுக்கு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுவான். தண்ணீர் பாட்டில் காலையில் கொடுத்தபடியே நிறைந்து திரும்பி வரும். குடிக்கச் சொல்லித் திட்டினேன். ஆமாம், நான்தான் திட்டினேன். டைரியில் வகுப்பாசிரியர் எழுதி அனுப்புவார்: 'கழிப்பறைக்குப் போகச் சொன்னால் அடம் பிடிக்கிறான்.' நான்கு மாதம் இப்படியே போய், சிறுநீர்த் தொற்று வந்து, காய்ச்சலில் படுத்து, டாக்டர் கேட்டபோதும் எங்களுக்குக் காரணம் தெரியவில்லை.

காரணத்தைச் சொன்னது பள்ளியில் கழிப்பறை சுத்தம் செய்கிற ஆயாம்மா. ஒருநாள் கேட்டருகே என்னைக் கூப்பிட்டு, "அம்மா, உள்ள கை காய வைக்கிற மெஷின் ஒண்ணு மாட்டியிருக்காங்கல்ல, அது உறுமுறப்போ எல்லாம் தம்பி காதைப் பொத்திக்கிட்டு ஓடியாந்துடுது. அது இருக்கிற வரைக்கும் தம்பி உள்ள வராது" என்றார். அவ்வளவுதான் விஷயம். அந்த நேரத்தில் என் பையில் சிறப்புக் கல்வி ஆசிரியர் கொடுத்த பதினான்கு பக்க மதிப்பீட்டு அறிக்கை இருந்தது. அதில் அவனுடைய கண் தொடர்பு, பென்சில் பிடிக்கும் விதம், வண்ணங்களை அடையாளம் காணும் திறன் எல்லாம் இருந்தன. கழிப்பறை இல்லை.

சரி, காரணம் தெரிந்துவிட்டதே என்று சந்தோஷமாகப் போய்க் கேட்டேன். இடைவேளையில் மட்டும் அந்த மெஷினை அணைத்து வையுங்கள், இல்லையென்றால் ஆசிரியர்களுடைய கழிப்பறையை அவன் பயன்படுத்திக்கொள்ளட்டும். பதில் என்ன தெரியுமா? "ஒரு பிள்ளைக்காக எல்லாத்தையும் மாத்த முடியாதுங்க. அவன்தான் பழகிக்கணும்." ஒரு சுவிட்சுதான் கேட்டேன். அந்த ஒரு வரியில் அந்தப் பள்ளியைப் பற்றி நான் தெரிந்துகொள்ள வேண்டியது எல்லாம் இருந்தது. பந்துகளும் ஊஞ்சலும் எனக்குக் காட்டத்தான் இருந்தன.

அடுத்து, அடிபட்ட வேகத்தில் சிறப்புப் பள்ளிக்கு ஓடினோம். அங்கே சத்தம் இல்லை, அவசரம் இல்லை, எல்லாரும் அன்பானவர்கள். அதைக் குறை சொன்னால் எனக்கு நல்ல கதி கிடைக்காது. ஆனால் ஒரு வருடம் முழுக்க அவன் மணி கோத்துக்கொண்டிருந்தான். சிவப்பு மணி ஒரு கிண்ணத்தில், நீல மணி இன்னொரு கிண்ணத்தில். வீட்டிலோ மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் பொடிப்பொடியாக இருக்கிற எழுத்தை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் படிக்கத் தெரியும் என்று சொன்னதற்கு, "அம்மாக்களுக்கு அப்படித்தான் தோணும்" என்று சிரித்தார்கள். அன்பு இருந்தது, எதிர்பார்ப்பு இல்லை. முதல் பள்ளி அவனிடம் முடியாததைக் கேட்டது, இரண்டாவது பள்ளி எதையுமே கேட்கவில்லை. இரண்டில் எது மோசம் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

இதனால்தான் 'பொதுப் பள்ளியா சிறப்புப் பள்ளியா' என்று யாராவது பட்டிமன்றம் ஆரம்பித்தால் எனக்குத் தலைவலி வந்துவிடுகிறது. சட்டமும் கொள்கையும் ஒரு பக்கம் தெளிவாகத்தான் இருக்கின்றன. 1994-இல் ஸ்பெயினின் சாலமன்கா நகரில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி, சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கும் பொதுப் பள்ளிக் கதவு திறந்திருக்க வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். 2006-இல் வந்த ஐநா மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவு உள்ளடக்கிய கல்வியை, அதாவது எல்லாக் குழந்தைகளும் ஒரே பள்ளியில் சேர்ந்து படிப்பதை, உரிமையாகவே ஆக்கியது. நல்லது. பல பேர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பத்து வருடம் கழித்து, 2016-இல், அதே உடன்படிக்கையின் குழு அந்தப் பிரிவுக்கு விளக்கம் எழுதியபோது ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: பாடத்தையும் கற்பிக்கும் முறையையும் பள்ளியின் அமைப்பையும் மாற்றாமல் குழந்தையை வழக்கமான வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைப்பது உள்ளடக்கிய கல்வி ஆகாது. கை காய வைக்கும் மெஷினை அணைக்க மறுத்தவர்களுக்கு இதை பிரின்ட் எடுத்துக் கொடுத்திருக்கலாம். அப்போது எனக்குத் தெரியாது.

இன்னொரு கதையும் சொல்கிறேன். 'சிறப்புக் கல்வித் தேவை' என்று இன்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அதைப் பரவலாக்கியது பிரிட்டனில் மேரி வார்னாக் தலைமையில் இயங்கிய குழுவின் 1978 அறிக்கை. இந்தக் குழந்தைகளைக் குறைபாட்டின் பெயரால் பிரித்து வைக்காமல், என்ன உதவி தேவை என்று பார்க்கச் சொன்ன அறிக்கை அது. அதே வார்னாக், 2005-இல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருந்தாக வேண்டும் என்ற பிடிவாதத்தில் சில குழந்தைகள் நசுங்குகிறார்கள், அவர்களுக்குச் சிறிய சிறப்புப் பள்ளிகள் வேண்டும் என்று எழுதினார். அவரைத் திட்டியவர்களும் உண்டு, கும்பிட்டவர்களும் உண்டு. எனக்குப் பிடித்தது அவர் எடுத்த பக்கம் இல்லை. தான் ஆரம்பித்து வைத்ததையே திரும்பிப் பார்த்து, இது எல்லாக் குழந்தைக்கும் சரிவரவில்லை என்று அந்த வயதில் சொல்ல முடிந்ததுதான்.

சரி, மூன்றாவது பள்ளிக்கு வருகிறேன். கட்டடம் சுமார். தனி அறை கிடையாது, படிக்கட்டுக்கு அடியில் ஒரு பாய், ஒரு திரை, அவ்வளவுதான். தலைமையாசிரியை எங்களை உட்கார வைத்துவிட்டு முதலில் சொன்னது இது: "இவ்வளவு கம்மியா பேசற குழந்தையை நாங்க பார்த்ததில்லை. முன்னாடி ஒரு பையன் வந்தான், எங்களால சரியா பண்ண முடியல, போயிட்டான். அது எங்க தப்பு." என் கணவர் என்னைப் பார்த்தார், எழுந்துவிடலாமா என்று. அப்புறம் தலைமையாசிரியை கேட்டார்: "இவனுக்கு ரொம்ப மோசமான நாள்னா அது எப்படி இருக்கும்? நாங்க என்ன பண்ணா அது இன்னும் மோசமாகும்?"

அதுவரை எத்தனையோ பள்ளிகளின் சேர்க்கைப் படிவங்களை நிரப்பியிருக்கிறேன். எதுவரை எண்ணுவான், தானாகச் சாப்பிடுவானா, யாரையாவது கடிப்பானா. இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. நான் பேச ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசினேன். அவர் ஒரு பழைய நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். இடையில் மணி அடித்தது, பையன் காதைப் பொத்தினான், அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார், அதையும் எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் நாங்கள் போனபோது மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் ஒரு பெண் குழந்தை வந்து அவனிடம் மணி படம் போட்ட அட்டையை நீட்டியது. யாரும் அதைப் பற்றி எங்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆகவே, என்னிடம் கேட்டவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நல்ல நாளில் எல்லாப் பள்ளியும் நல்ல பள்ளிதான். குழந்தை தரையில் உருண்டு கத்துகிற நாளில் அங்கே யார் பக்கத்தில் வருவார், என்ன செய்வார், அன்று சாயங்காலம் உங்களிடம் என்ன சொல்வார், இதைக் கண்டுபிடிக்கத்தான் நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும். அவர்கள் கூப்பிடுகிற நேரத்தில் போகாதீர்கள். இடைவேளையில் போங்கள். காரிடாரில் சும்மா நில்லுங்கள். நம் குழந்தைகள் போன்ற குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடுங்கள். கடைசி பெஞ்சில், ஷேடோ டீச்சர், அதாவது ஒரு குழந்தைக்கு மட்டும் கூடவே இருந்து உதவுகிறவர், குழந்தைக்கும் வகுப்புக்கும் நடுவில் சுவர் மாதிரி உட்கார்ந்திருந்தால் எச்சரிக்கையாகுங்கள். ஷேடோ டீச்சரே வேண்டாம் என்று சொல்லவில்லை, எங்கள் பையனுக்கும் ஒருவர் இருந்தார். ஆனால் வகுப்பாசிரியர் குழந்தையிடம் நேரடியாக ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் அந்த ஷேடோவிடமே சொல்லிக்கொண்டிருந்தால், உங்கள் குழந்தை அந்த வகுப்பில் இல்லை, அந்த வகுப்பு நடக்கிற அறையில் இருக்கிறது.

தனிநபர் கல்வித் திட்டம், அதான் ஐஇபி, ஒரு குழந்தைக்கென்றே தனியாக எழுதுகிற கற்றல் திட்டம், அதன் மாதிரி ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள், பெயரை மறைத்துக்கூடக் காட்டட்டும். 'சமூகத் திறன்களை மேம்படுத்துதல்' என்று எழுதியிருந்தால் அது திட்டமில்லை, வாழ்த்து அட்டை. 'உதவி வேண்டுமென்றால் அட்டையை எடுத்து ஆசிரியரிடம் நீட்டுவான், ஐந்து முறையில் நான்கு முறை, யாரும் ஞாபகப்படுத்தாமல், இந்தப் பருவம் முடிவதற்குள்' என்று இருந்தால் அங்கே யாரோ குழந்தையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அப்புறம் அந்த ஆயாம்மா, வாட்ச்மேன், பஸ்ஸில் கூட வருகிறவர், இவர்களோடும் இரண்டு வார்த்தை பேசுங்கள். என் அனுபவத்தில் அறிக்கைகளைவிட அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

"இங்க நல்லாதானே இருக்கான், வீட்லதான் நீங்க செல்லம் குடுத்துக் கெடுக்கறீங்க" என்று சொல்கிற பள்ளியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு தன்னை அடக்கி வைத்திருக்கிற குழந்தை, பாதுகாப்பான இடம் என்று நம்புகிற வீட்டுக்கு வந்ததும் வெடிக்கும். பெண் குழந்தைகள் பலர் இப்படி அடக்கி மறைப்பதில் இன்னும் கெட்டிக்காரர்கள் என்பதால் அவர்களுக்கு ஆட்டிசம் என்று கண்டுபிடிக்கவே பல வருடம் ஆகிவிடுகிறது. வீட்டில் வெடிப்பதைக் கேட்டுவிட்டு, பள்ளியில் என்ன நடக்கிறது என்று தங்களையே கேட்டுக்கொள்கிற ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள்.

பெற்றோர் நாமும் யோக்கியமில்லை. முதல் பள்ளியில் சேர்க்கும்போது நான் பாதியை மறைத்தேன். 'கொஞ்சம் லேட்டாப் பேசறான்' என்று மட்டும் சொன்னேன். இடம் கிடைக்காதோ என்ற பயம். அது தப்பு என்று இன்றைக்குச் சொல்வது சுலபம், அன்றைக்கு ஏழு பள்ளிகள் உண்மையைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தியிருந்தன. ஆனாலும் சொல்கிறேன், மறைத்து வாங்குகிற இடத்தில் குழந்தையும் மறைந்துதான் வாழ வேண்டியிருக்கும்.

நிபுணர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர்கள் ஒருமுறை காது கேளாத குழந்தைகளின் கல்வி வரலாற்றைப் படித்துப் பாருங்கள். 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் மாநாடு கூட்டி, கிட்டத்தட்ட எல்லாருமே காது கேட்கிற ஆசிரியர்கள், பள்ளிகளில் சைகை மொழியைவிட வாய்ப்பேச்சே மேல் என்று தீர்மானம் போட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ நாடுகளில் வகுப்பறைகளில் குழந்தைகளின் கைகளைக் கட்டிப் போடாத குறைதான். 2010-இல் வான்கூவரில் நடந்த அதே வரிசை மாநாட்டில்தான் அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தார்கள். நூற்று முப்பது வருடம். குழந்தைக்கு எது சரி என்று அந்தக் குழந்தையிடமும், அப்படியே வளர்ந்து பெரியவர்களானவர்களிடமும் கேட்காமல் முடிவு செய்தால் இவ்வளவு தாமதமாகும். பேசாத குழந்தையும் சொல்லத்தான் செய்கிறது. நிறைந்து திரும்பிய அந்தத் தண்ணீர் பாட்டில் என்னிடம் நான்கு மாதம் சொல்லிக்கொண்டே இருந்தது.

எங்கள் பள்ளியும் நிரந்தரமில்லை. மேல்வகுப்புக்கு வேறு இடம் தேட வேண்டும், அந்தத் தலைமையாசிரியையே அதைச் சொல்லிவிட்டார், இப்போதிருந்தே பாருங்கள் என்று. ஆறு வயதில் சரியாக இருந்த இடம் பன்னிரண்டு வயதில் சரியாக இருக்காது, அதனால் என் வேலையும் முடியவில்லை.

அந்த நான்கு பேரும் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் குழந்தையின் மோசமான நாள் எப்படி இருக்கும் என்று எனக்கு எழுதி அனுப்புங்கள், எவ்வளவு நீளமானாலும் பரவாயில்லை. படித்துவிட்டு எங்கள் பள்ளியின் பெயரைச் சொல்கிறேன். இல்லை, வேறு எங்காவது போய்ப் பாருங்கள் என்றும் சொல்லலாம்.