தூக்கத்தில் மூளை இணைப்புகள் அறுந்துபோவதில்லை

அண்ணே, "தூங்கும்போது மூளை செல்களின் இணைப்புகள் அறுந்துவிடும், மெட்ரிக் தேர்வு சமயத்தில் பிள்ளைகளைத் தூங்க விடாதீர்கள்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். யாங்கோன் பெற்றோர் பலர் இதைப் படிப்பதால் திருத்தியே ஆக வேண்டும்.

நீங்கள் கேள்விப்பட்டது, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜூலியோ டொனோனி, கியாரா சிரெல்லி குழுவினர் செய்த ஆய்வாக இருக்கலாம். 2017-இல் வெளியானது. சுண்டெலி மூளையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அளந்தார்கள். விழித்திருந்தவற்றோடு ஒப்பிட்டால், தூங்கியவற்றில் சினாப்ஸ்களின், அதாவது மூளை செல்கள் ஒன்றோடொன்று இணையும் இடங்களின், தொடுபரப்பு சராசரியாக 18 சதவீதம் குறைந்திருந்தது. சிறுத்ததுதான், அறுந்துபோகவில்லை. அதிலும் மிகப் பெரிய இணைப்புகள் அப்படியே இருந்தன. பகலில் பார்த்ததையும் கேட்டதையும் வாங்கிப் பருத்த இணைப்புகள் இரவில் இளைத்தால்தான் மறுநாள் புதிதாகக் கற்க முடியும் என்பது அவர்கள் கருத்து.

தூக்கத்தில் இணைப்புகள் உருவாகவும் செய்கின்றன. 2014-இல் வெளியான இன்னோர் ஆய்வில், சுழலும் தடிமேல் ஓடப் பழகிய சுண்டெலிகளில், பழகியபின் தூங்கியவற்றுக்கே நரம்புக் கிளைகளில் புதிய இணைப்பு முனைகள் அதிகம் முளைத்தன. படித்தபின் தூங்குவது வீண் இல்லை அண்ணே.

அப்புறம், கடுந்தேநீர் கொடுத்து விழிக்க வைக்கலாம் என்கிறீர்களே, தேநீரில் உள்ள கஃபீன், தூக்கம் வரவைக்கும் அடினோசின் என்ற மூளைப் பொருளின் சமிக்ஞையைத்தான் தடுக்கும். தூக்கத் தேவை உள்ளே ஏறிக்கொண்டேதான் இருக்கும். கரண்ட் இருக்கும் மாலை நேரத்தில் படிக்கட்டும். இரவில் பிள்ளைகளைத் தூங்க விடுங்கள்.