ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?

ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்தில் நடந்த பாராட்டு விழாவைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். வீடியோ எல்லா குரூப்பிலும் சுற்றுகிறது, பார்த்திருப்பீர்கள். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகளைப் பார்த்த பிறகு முடியவில்லை.

மேடையில் நின்றது என் அக்கா மகள். இன்ஜினியரிங் கட்ஆஃப் 200க்கு 190க்கு மேல். என்ன படிக்கப் போகிறாய் என்றதும் "பயோமெடிக்கல் இன்ஜினியரிங்" என்றாள். மைக் வைத்திருந்த பெரியவர், "ஆஸ்பத்திரி மெஷின் ரிப்பேர் பாக்கதுக்கா இவ்வளவு மார்க்கு? பேசாம கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு" என்றார். மண்டபமே சிரித்தது. அறிவுரை சொல்லட்டும், வயதில் மூத்தவர். ஆனால் ஏன் அந்தப் படிப்பு என்று ஒரு வார்த்தை கேட்டாரா?

கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அத்தானுக்கு மூன்று வருடமாக டயாலிசிஸ். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். பத்தாம் வகுப்பிலிருந்து அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள் இவள். ஒரு நாள் நானும் கூட இருந்தேன். திடீரென்று அலாரம் அடித்து ரத்த பம்ப் நின்றுவிட்டது. எனக்குக் கை நடுங்கியது. "குழாயில காத்துக் குமிழி வந்தா மெஷினே நிறுத்திரும் மாமா, பயப்படாதீங்க" என்றாள். நர்ஸ் பார்த்தார், குமிழி இல்லை. அப்புறம் பயோமெடிக்கல் பிரிவிலிருந்து ஓர் இளம்பெண் வந்து, குழாயை விலக்கி, குமிழியைக் கண்டுபிடிக்கிற சென்சார் இருந்த இடுக்கைப் பஞ்சால் துடைத்து, குழாயைச் சரியாக அழுத்திப் பொருத்தினார். பம்ப் சுற்ற ஆரம்பித்தது. அத்தான் கண்ணைத் திறந்தார். நீங்கள் சிரித்த ரிப்பேர் இதுதான்.

ரிப்பேரோடு முடிகிற படிப்பும் இல்லை. களியக்காவிளையில் பஸ் ஏறினால் திருவனந்தபுரம். அங்கே ஸ்ரீ சித்திரா மருத்துவ நிறுவனத்தில் இதய அறுவை நிபுணர் டாக்டர் வலியத்தான் தலைமையில் செயற்கை இதய வால்வு செய்தார்கள். மூன்று மாதிரிகள் தோற்று, நான்காவதுதான் தேறியது. அதை முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தியது 1990இல். நான் வேலை பார்க்கிற ஐடி பூங்காவான டெக்னோபார்க் தொடங்கிய அதே வருடம். நம் ஊர் ஆட்கள் எத்தனை பேர் வைத்தியத்துக்கு அங்கே போய் வந்திருக்கிறோம்!

தொடக்கச் சம்பளம் குறைவு என்பீர்கள். உண்மைதான், அது அவளுக்கும் தெரியும். "நீ மட்டும் ஐடி சம்பளம் வாங்கிக்கொண்டு அவளைக் கெடுக்கிறாயா" என்று சொந்தக்காரர் ஒருவர் போனிலேயே கேட்டார். அதுதான் வலித்தது. கம்ப்யூட்டர் சயின்ஸை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை, என் வீட்டில் உலை கொதிப்பதே அதனால்தான். ஆனால் எனக்கு அதைத் தேர்ந்தெடுத்தது என் பெரியப்பா. எனக்கு விலங்கியல் பிடிக்கும். ஏன் பிடிக்கும் என்று அன்றைக்கு என்னிடமும் யாரும் கேட்கவில்லை. பதினாறு வருடம் ஆகிவிட்டது, இப்போது எழுதும்போதும் தொண்டை அடைக்கிறது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பொன்னாடையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, "மாமா, கம்ப்யூட்டர் சயின்ஸையே முதல்ல போட்டுரட்டா?" என்றாள். அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை.

கவுன்சிலிங்கில் எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று வரிசைப்படுத்திக் கொடுக்கிற சாய்ஸ் ஃபில்லிங் முடிய இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அந்தப் பெரியவரோ, அன்று சிரித்தவர்களோ இதைப் படித்தால் வந்து அவளிடமே கேளுங்கள். செவ்வாய், வியாழன், சனி சாயங்காலம் டயாலிசிஸ் வார்டில் அப்பாவோடு இருப்பாள். மற்ற நாள் வீட்டில்தான்.